கடலோரத்திலிருந்து தமிழ் இளங்கலைக்கு: இராமநாதபுரம் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள். பிளஸ் டூ முடிவு வருவது, அரசு கல்லூரிக்கு விண்ணப்பிப்பது, கலந்தாய்வுக்கு ஓடுவது எல்லாம் பெரும்பாலும் இந்த 61 நாட்களுக்குள்ளேயே வந்து விழுகின்றன. விசைப்படகை நம்பியிருக்கும் வீட்டில் கையில் காசு புரளாத நேரம் அது. தமிழ் இலக்கியமோ மொழியியலோ படிக்கலாம் என்று ஓர் எண்ணம் இருந்தால், இ-சேவை மையத்துக்கு எப்போது போவது என்பதுதான் முதல் கேள்வி. நன்னூல் பிறகு வரட்டும். ஜனவரியிலேயே போய்விடுங்கள்.

சான்றிதழும் பணமும்

சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும் என்பதால் அண்ணனுக்கு எடுத்த பழைய நகலை நம்ப வேண்டாம். இவற்றைவிட அதிகம் பேரை அலைய வைப்பது பெயரின் எழுத்து. பள்ளிச் சான்றில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மது'. ஓரிடத்தில் 'அந்தோணி', இன்னோரிடத்தில் 'அந்தோனி'. தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால். ஆங்கில எழுத்துகளில் வரும் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வரும் காலம் இது. பெயர் பொருந்தாவிட்டால் பணம் நின்றுவிடும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை விரிவுபடுத்தப்பட்டிருக்கின்றன. பஸ், நகல், புத்தகம் ஆகியவற்றுக்கு இந்தப் பணம் தாராளமாகப் போதும். அம்மாவோ அப்பாவோ மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் கல்வி உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுதி வேண்டுமென்றால் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை ஆகியவற்றின் கல்லூரி விடுதிகள் உண்டு. இடங்கள் குறைவு, கல்லூரியில் சேர்ந்த வாரத்திலேயே மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கே சேர்வது

புதிதாக வருபவர்களுக்குக் குழப்பம் தருவது கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவு. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நீங்கள் உட்கார்ந்து படிப்பது ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில். பாடத்திட்டம், வினாத்தாள், பட்டம் ஆகியவை காரைக்குடியிலிருந்து வரும். இராமேஸ்வரத்தில் படித்தவருக்கும் திருவாடானையில் படித்தவருக்கும் கிடைக்கும் பட்டம் ஒன்றே.

இராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரியும் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. இராமேஸ்வரம், பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, கடலாடி ஆகிய ஊர்களிலும் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் உண்டு. எந்தக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் இருக்கிறது, எத்தனை இடம் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். என்னைக் கேட்டால் 'பெரிய கல்லூரி' என்ற பெயரைவிட, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, மாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையே முதலில் பார்ப்பேன். இராமேஸ்வரத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே சுமார் 55 கிலோமீட்டர். தினமும் போய்வருகிறவர்களுக்கு நாளில் மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே கரையும். மூன்றாண்டுக்கு அப்படிக் கரைவதைவிட உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்து, அந்த நேரத்தில் நூலகத்தில் உட்காருவது மேல்.

மொழியியல் மட்டும் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இளங்கலை அளவில் மொழியியலை முதன்மைப் பாடமாகத் தரும் இடங்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. வழக்கமான பாதை, பி.ஏ. தமிழோ பி.ஏ. ஆங்கிலமோ படித்து, அதில் ஒன்றிரண்டு தாள்களாக வரும் மொழியியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எம்.ஏ.வில் மொழியியலுக்குப் போவது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் உயராய்வு மையம் இருக்கிறது. 2013 சட்டத்துக்குப் பின் அது அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ள பல்கலைக்கழகம். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறைகள் உண்டு. தமிழ் இலக்கணம் தெரிந்து வருபவர் அங்கே மற்றவர்களுக்கு ஓர் அடி முன்னால் நிற்பார்.

விண்ணப்பமும் கலந்தாய்வும்

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய் என்பது பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும். யாராவது ஐநூறு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தரவரிசையில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. தமிழ், ஆங்கிலம் தவிர்த்த மற்ற பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள்; பி.ஏ. தமிழுக்குப் பிளஸ் டூ தமிழ்த் தாளின் மதிப்பெண்ணை வைத்தே வரிசை போடுவார்கள். இயற்பியலில் தட்டுத்தடுமாறி 45 வாங்கியவரும் தமிழில் 95 வாங்கியிருந்தால் முன்வரிசையில் நிற்பார். விருப்பப் பட்டியலில் தமிழை முதலில் எழுதுங்கள். 'முதலில் வணிகவியல், கிடைக்காவிட்டால் தமிழ்' என்று எழுதிவிட்டு மூன்று வருடம் முகம் வாடி உட்கார்ந்திருப்பவர்களை எல்லாத் தமிழ்த்துறைகளிலும் பார்க்கலாம்.

கலந்தாய்வு நாளில் அசல் சான்றிதழ்களோடு இரண்டு மூன்று தொகுதி நகல்களையும் எடுத்துப் போங்கள். கல்லூரி வாசல் நகல் கடையில் அன்று கூட்டம் அலைமோதும்.

மூன்று வருடத்தில் என்ன வரும்

ஆறு பருவங்கள். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். இவை போகச் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவை. 'நான் தமிழ் மாணவன், பகுதி ஒன்றிலும் தமிழா?' என்று முதல் வாரத்தில் எல்லாரும் கேட்பார்கள். ஆம், அதையும் எழுத வேண்டும். மதிப்பெண் பட்டியலை உயர்த்திக்கொள்ள அது நல்ல வழி.

முதன்மைப் பாடத்தில் இக்கால இலக்கியத்தில் தொடங்கி, சிற்றிலக்கியம், பக்தி இலக்கியம், காப்பியம் என்று பின்னோக்கிப் போய்ச் சங்க இலக்கியத்தில் முடிப்பது பல கல்லூரிகளில் உள்ள வரிசை. எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் ஏற்பாடு அது. கூடவே இலக்கணம் பருவந்தோறும் வரும்: நன்னூல் எழுத்து, நன்னூல் சொல், அகப்பொருள், புறப்பொருள், யாப்பு, அணி, கடைசியில் தொல்காப்பியம். இடையில் இலக்கிய வரலாறு, மொழி வரலாறு, மொழியியல், திறனாய்வு, நாட்டுப்புறவியல்.

முதல் பருவத்திலேயே கைக்கு வர வேண்டியது இரண்டு. ஒன்று, புணர்ச்சி பிரிப்பது; இன்னொன்று, சீர் பிரித்து அசை சொல்வது. இவை இரண்டும் வராதவருக்கு ஐந்தாம் பருவத்தில் புறநானூறு சுவராக நிற்கும். எம்.ஏ. வந்தபிறகும் நேரசை நிரையசைக்குத் தடுமாறுபவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. தினமும் ஐந்து குறளை எடுத்து அலகிட்டுப் பாருங்கள். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் வருகிறதா என்று பென்சிலால் குறியுங்கள். ஒரு மாதத்தில் காதே சொல்லிவிடும்.

நன்னூலை மனப்பாடம் செய்வதா வேண்டாமா என்ற சண்டை பழையது. என் கட்சி, முக்கியமான நூற்பாக்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும் என்பது. மொத்தம் 462 நூற்பாக்கள். அவற்றில் நூறு மனத்தில் நின்றால் தேர்வறையில் மட்டுமல்ல, பிறகு போட்டித் தேர்விலும் கைகொடுக்கும். ஆனால் மனப்பாடம் செய்த கையோடு தொல்காப்பியத்தோடு ஒப்பிடுங்கள். சார்பெழுத்து தொல்காப்பியத்தில் மூன்று. நன்னூலில் பத்து, விரித்தால் 369. ஏன் இப்படிப் பெருகியது என்று கேட்கத் தொடங்கினால் இலக்கணம் வரலாறாக மாறும்.

மூலம் முதலில், உரை அடுத்தது, நோட்ஸ் கடைசியில்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கைடு கிடைக்கும், அண்ணன்மார் அக்காமார் எழுதிய நோட்ஸ் கிடைக்கும், கைபேசியில் பத்து நிமிடக் காணொளி கிடைக்கும். அவற்றைப் படித்தே தேர்ச்சி பெறலாம், பட்டமும் வாங்கலாம். ஆனால் பாட்டைப் படித்திருக்க மாட்டீர்கள்.

ஒரு பாட்டை எடுத்துக் காட்டுகிறேன். அகநானூறு 70, மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. எண்ணைப் பார்த்தவுடனே திணை சொல்லலாம். அகநானூற்றைத் தொகுத்தவர்கள் ஒற்றைப்படை எண்களைப் பாலைக்கும், 2, 8 என முடிபவற்றைக் குறிஞ்சிக்கும், 4 என முடிபவற்றை முல்லைக்கும், 6 என முடிபவற்றை மருதத்துக்கும், பத்து, இருபது என வருபவற்றை நெய்தலுக்கும் ஒதுக்கினார்கள். ஆகவே 70 நெய்தல்.

பாட்டுக்குள் போனால் திமில் என்ற வளைந்த படகில் போன பரதவருக்கு வேட்டை வாய்த்திருக்கிறது. சிறுகுடி முழுக்கப் புலால் மணம். சிறிய கண்களையுடைய வலையால் வந்த பயனைப் பாராட்டி, கொழுத்த அயிலை மீனைப் பகுத்துக் கொடுக்கிறார்கள். மடி நிறைந்து வந்த நாளில் பாம்பன் கரையில் நின்றவருக்கு இதற்கு உரை தேவையில்லை. பிறகு தோழி சொல்கிறாள்: முன்பு ஊர்ப் பெண்கள் உன்னையும் அவனையும் பற்றி அலர் தூற்றினார்கள், திருமணம் கூடியபின் ஊர் அடங்கிவிட்டது. எப்படி அடங்கியது? பாண்டியரின் தொன்முது கோடியில், கடல் முழங்கும் துறையில், இராமன் மறை, அதாவது இரகசியம், பேசுவதற்காக ஒலியடக்கிய, விழுதுகள் பலவுடைய ஆலமரம் போல.

அந்தக் கோடி நம் தனுஷ்கோடி என்று கொள்வது வழக்கம். இங்கே கவனியுங்கள். நோட்ஸில் 'ஆலமரத்துப் பறவைகளை இராமன் அமைதியாக்கினான்' என்று இருக்கும். பாட்டைத் திரும்பப் படியுங்கள்: பறவை என்ற சொல்லே அதில் இல்லை. ஆலம் ஒலியவிந்தது என்று மட்டும் புலவர் நிறுத்துகிறார். பறவைகளைக் கொண்டுவந்து அமர்த்துவது உரை. உரை சொல்வது பொருத்தமே. ஆனால் புலவர் சொன்னது எது, உரையாசிரியர் விரித்தது எது என்று பிரிக்கத் தெரிந்தால்தான் இலக்கியம் படித்தவர் என்று பெயர்.

இன்னொன்றும் உண்டு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். இந்தப் பாட்டில் இரங்கலைத் தேடினால் கிடைக்காது. கல்யாணம் கூடிவந்த மகிழ்ச்சிதான் கிடைக்கும். பிறகு ஏன் நெய்தல்? கடல், பரதவர், புன்னை, ஞாழல், நெய்தல் பூ என்று கருப்பொருள் கடலோரமாக இருக்கிறது. முதல், கரு, உரி என்ற மூன்றும் எல்லாப் பாட்டிலும் ஒன்றாக வந்து நிற்பதில்லை என்பதைக் கைடு சொல்லாது, பாட்டு சொல்லும்.

படிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மூலத்தை வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். புரியாத சொற்களுக்கு அடிக்கோடு இடுங்கள், உடனே அகராதிக்கு ஓடாதீர்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்று கண்டுபிடியுங்கள். கூற்று தெரிந்தால் பாதி தெரிந்தது. பிறகு வினைமுற்று எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நீண்ட அகவலில் அது கடைசி அடியில் ஒளிந்திருக்கும். அதன்பின் உரை. உரையும் உங்கள் புரிதலும் மோதும் இடத்தை ஓரத்தில் எழுதி வையுங்கள். வகுப்பில் கேட்க வேண்டியவை அவைதான்.

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஊர்ப்பெயரைக் கண்டவுடன் நம் ஊர் என்று தாவிவிடக் கூடாது. சங்கப் பாடல்களில் புகழ்பெற்ற தொண்டி பெரும்பாலும் மேற்குக் கரையில் சேரனுக்கு உரிய துறைமுகம். திருவாடானைப் பக்கத்துத் தொண்டியை அதன்மேல் ஏற்றிக் கட்டுரை எழுதினால் சிவப்பு மை காத்திருக்கும். அதே சமயம் வைகை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் ரோமானிய நாணயங்களும் கிடைத்தன. பெருமை பேசுவதானால் கையில் அகப்பட்டதை வைத்துப் பேசலாம்.

மொழியியல் தாள்

பலர் அஞ்சுவது இந்தத் தாளுக்குத்தான். ஒலியன், உருபன், மாற்றொலி, பொருண்மை என்று வரும் கலைச்சொற்கள் முதல் வாரத்தில் மிரட்டும். உண்மையில் மூன்றாண்டுப் படிப்பில் நூலகமே இல்லாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆராயக்கூடிய ஒரே பாடம் இதுதான். இலக்கியத் தாளில் உங்கள் வீட்டுப் பேச்சு பிழை. இங்கே அது சான்று.

ஒலியன் என்பது பொருளை வேறுபடுத்தும் ஒலி. அதைப் புத்தக எடுத்துக்காட்டால் கற்பதைவிட இப்படிக் கற்கலாம். வாழை என்பது மரம். வாளை என்பது மீன். எழுத்தில் ழ, ள என்ற ஒன்று மட்டும் மாறிப் பொருளும் மாறுகிறது. எனவே எழுத்துத் தமிழில் அவை இரண்டு ஒலியன்கள். இப்போது உங்கள் தெருவில் ஒருவரை 'வாழைப்பழம்' என்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள். 'வாளப்பளம்' என்று வந்தால், அந்தப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டது. அங்கே அவை இரண்டு ஒலியன்கள் இல்லை. நாக்கு சோம்பேறியாகிவிட்டது என்று மொழியியல் மாணவர் சொல்லக் கூடாது. எந்த வயதினர், எந்தத் தெருவினர், யாரிடம் பேசும்போது அப்படிச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒலியன் வரும் இடத்துக்கு ஏற்ப வேறுபட்டு ஒலிப்பது மாற்றொலி. அதற்குக் 'கடல், பகல், சங்கு, பக்கம்' என்ற நான்கு சொற்கள் போதும். நான்கிலும் ககரம், நான்கையும் சொல்லிப் பாருங்கள். சொல்லின் முதலில் ஒரு மாதிரி, உயிர்களுக்கு நடுவில் இளகி, மெல்லினத்தை அடுத்து வேறு மாதிரி, இரட்டித்தால் வன்மையாக. ஒன்று வரும் இடத்தில் மற்றது வருவதில்லை என்பதால் தமிழ் நெடுங்கணக்குக்கு ஓர் எழுத்தே போதுமாக இருந்தது. சொல்லின் முதலிலேயே 'சங்கு' ககரம் போல ஒலிக்கும் 'காந்தி' என்ற பெயர் வந்தபோதுதான் சிக்கல்.

சொல்லைப் பொருள் தரும் சிறு உறுப்புகளாக, அதாவது உருபன்களாக, பிரித்துப் பார்க்கும் உருபனியலுக்கு நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணம் நல்ல அடித்தளம். அங்கே பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பு. எழுத்தில் 'சொன்னார்கள்', தமிழ்நாட்டின் பல இடங்களில் பேச்சில் 'சொன்னாங்க', இந்தப் பக்கம் 'சொன்னாக'. மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பிரித்துப் பாருங்கள். எந்த விகுதி எதுவாக மாறியது என்று சொல்லத் தெரிந்துவிட்டால் தேர்வின் பத்து மதிப்பெண் வினா ஒன்று முடிந்தது.

இளங்கலையிலேயே ஒரு சிறு கள ஆய்வைச் செய்து பாருங்கள். பல கல்லூரிகளில் கடைசி ஆண்டில் திட்டக் கட்டுரை கேட்கிறார்கள். பொருள் தேடி மதுரைக்குப் போக வேண்டியதில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற காற்றின் பெயர்களை எடுங்கள். எந்தத் திசைக் காற்றுக்கு எந்தப் பெயர், எந்த மாதத்தில், அதில் எந்த வலை என்று பாக் நீரிணைப் பக்கம் ஓர் ஊரிலும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஓர் ஊரிலும் கேட்டு ஒப்பிடுங்கள். மண்டபத்தில் வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல் இருப்பதே இதற்கு வசதி. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பதிவு செய்யலாம். கடற்பாசி எடுக்கும் பெண்களின் தொழிற்சொற்களைத் தொகுக்கலாம். கீழக்கரையில் வாப்பா, உம்மா, காக்கா என்ற உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து, அரபுச் சொற்கள் தமிழ் விகுதியை ஏற்கும் விதத்தைப் பார்க்கலாம். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபில் கீழக்கரைக்குப் பெரிய இடம் உண்டு.

கேட்கும் முறை முக்கியம். வலை பொத்திக்கொண்டிருப்பவரிடம் போய் 'உங்கள் வட்டார வழக்குச் சொற்களைக் கூறுங்கள்' என்றால் அவர் செய்தித்தாள் தமிழில் பேசத் தொடங்கிவிடுவார். 'பெரியப்பா, நேற்று ஏன் கடலுக்குப் போகவில்லை?' என்று கேளுங்கள். காற்றின் பெயர் தானாக வரும். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் போகாதீர்கள். பதிவில் ஒரு நிமிடத்தை எழுத்தாக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பத்து நிமிடம் போதும்.

கையில் இருக்க வேண்டிய நூல்கள்

நிறைய வாங்க வேண்டாம். உரையோடு ஒரு நன்னூல், ஓர் இலக்கிய வரலாறு, ஓர் அகராதி. இலக்கிய வரலாற்றுக்கு மு. வரதராசனின் நூல் தொடக்கத்துக்குப் போதும். மொழி வரலாற்றுக்குத் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். தற்காலச் சொல்லுக்குக் க்ரியாவின் அகராதி; பழஞ்சொல்லுக்கு 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, அது இணையத்தில் இலவசம். சங்க இலக்கிய மூலங்கள் மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் கிடைக்கும். உரைகளும் பழைய அரிய பதிப்புகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும். இணையத்து மூலத்தில் தட்டச்சுப் பிழை உண்டு; கட்டுரையில் மேற்கோள் காட்டும்முன் அச்சு நூலோடு ஒப்பிடுங்கள்.

இராமநாதபுரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. மதுரைக்குப் போகும் வாய்ப்பு வந்தால் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும், தமிழ்ச் சங்கத்து நூலகத்தையும் பாருங்கள். அந்தச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரும், அவருக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதியும் இந்த மண்ணின் சேதுபதி மரபினர்; சங்கத்தின் 'செந்தமிழ்' இதழுக்கு முதல் ஆசிரியரான ரா. இராகவையங்கார் சேதுபதிகளின் அவைப் புலவர். சிற்றிலக்கியத் தாள் வரும்போது இராமேஸ்வரத்தைப் பாடும் தேவையுலாவையும், இரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு ஒரே துறையில் நானூறு பாட்டுப் பாடிய ஒருதுறைக் கோவையையும் ஆசிரியரிடம் கேளுங்கள். பாடத்தில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்குப் பின்னால் கீழக்கரைச் சீதக்காதி வள்ளலின் பெயர் நிற்கிறது. அதையும் நம் ஊர்க் கணக்கில் சேர்க்கலாம்.

தேர்வு

அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. வினாத்தாள் பெரும்பாலும் பத்து இரண்டு மதிப்பெண், ஐந்து ஐந்து மதிப்பெண், மூன்று பத்து மதிப்பெண் என்ற கணக்கில் இருக்கும். ஐந்து வருடத்துப் பழைய வினாத்தாளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எந்த அலகில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். வருகை 75 விழுக்காடு. நவம்பர்த் தேர்வு வடகிழக்குப் பருவமழையோடு வரும். புயல் எச்சரிக்கை வந்தால் தேர்வு தள்ளிப்போகும். அந்த இடைவெளியை நம்பிப் படிக்காமல் இருப்பவர் ஒவ்வொரு ஆண்டும் அரியர் வைப்பார். இலக்கணத்தில் அரியர் வைக்காதீர்கள். அடுத்த பருவத்து இலக்கணம் முந்தியதன் மேல்தான் ஏறி உட்காரும்.

ஆங்கிலத்தையும் விட்டுவிட வேண்டாம். மொழியியலின் பெரும்பகுதி நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. கால்டுவெல் 1856-இல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே ஆங்கில நூல். பத்தி பத்தியாகவாவது படிக்கப் பழகுங்கள்.

பட்டம் வாங்கியபின்

ஆசிரியர் ஆவதற்கு இரண்டாண்டு பி.எட்., பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.ஏ.வும் பி.எட்.டும். கல்லூரி ஆசிரியர் ஆக எம்.ஏ.வுக்குப் பின் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு மட்டும் 100 வினா, 150 மதிப்பெண். அதில் 40 விழுக்காடு பெறாதவரின் மற்ற விடைத்தாளைத் திருத்துவதே இல்லை. உங்களுக்கு அந்தப் பகுதி தினசரிப் படிப்பு. பள்ளி முதல் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. தமிழ் வழிச் சான்றைக் கல்லூரியை விட்டு வரும்போதே வாங்கி வையுங்கள், பிறகு அலைய வேண்டாம். மெய்ப்புப் பார்ப்பது, மொழிபெயர்ப்பு, படத்துக்கு வசன வரி எழுதுவது, கணினித் தமிழ் என்று வேறு வேலைகளும் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பட்டம் வாங்கிய எல்லாருக்கும் அது வருவதில்லை.

எம்.ஏ. மொழியியலுக்குப் போக நினைப்பவர்கள் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே தாங்கள் விரும்பும் பல்கலைக்கழகங்களின் அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் உங்கள் ஆறாம் பருவத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். இறுதி மதிப்பெண் பட்டியல் வராவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். ஐந்து பருவத்து மதிப்பெண் பட்டியல்களையும், சாதிச் சான்றின் நகலையும், தேதி தாண்டாத வருமானச் சான்றையும் ஒரே உறையில் வைத்திருங்கள். கள ஆய்வுப் பதிவு ஏதாவது இருந்தால் நேர்காணலுக்கு அதையும் எடுத்துப் போங்கள்.